நாத்திகம் மதமாகுமா?

‘நாத்திகமும் ஒரு மதந்தான்’ என்பார் சிலர். ‘மதத்தை மறுப்பது எவ்வாறு மதமாகும்?’ என்பார் வேறு சிலர். இவ்விரு சாராரும் பட்டிமன்ற மேடையில் மோதிக்கொள்வதோடு இவ்வினா முடிந்துவிடுமாயின் அதனை ஆராய வேண்டுவதில்லை. ஆனால் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் மதம் கேட்கப்படுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்கப்படுகிறது. திருமணமும் வாரிசுரிமையும் எந்தச் சட்டத்தின்படி என்பதையும் மதமே முடிவு செய்கிறது. கடவுளை ஏற்காத ஒருவர் அங்கெல்லாம் என்ன எழுதுவது? அவருக்காக வேறொருவர் எழுதிவிட்டால் அதனை அவர் ஒப்புவதா? ஆதலின் இவ்வினா வாழ்வைத் தொடும் வினாவேயாகும்.

இவ்வாராய்ச்சிக்கு நான் அந்தமான் தீவுகளைக் களமாகக் கொள்கிறேன். காரணம் இரண்டு. கடவுள் நம்பிக்கை உடையவரா, இல்லாதவரா என்று அறிஞர்கள் நெடுநாள் வழக்காடிய பழங்குடியினர் வாழும் நிலம் அது. கடுமையான பக்தரும் கடவுளை மறுத்தோரும் ஒரே கூரையின்கீழ் அடைபட்டுக் கிடந்த செல்லுலர் சிறையும் அங்கேதான் உள்ளது. ஆயினும் அக்கரைக்குச் செல்லுமுன் நம் சொற்களைச் சீர்தூக்கிக் கொள்ளல் வேண்டும்.

மதம், சமயம் என்னும் சொற்கள்

இன்று ‘மதம்’ என்றவுடன் இந்து, இசுலாம், கிறித்தவம் என்னும் பெயர்களே நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் அச்சொல்லுக்கு இக்குறுகிய பொருள் இல்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழு என்று வகுத்தார். பிறர் கருத்துக்கு உடன்படுவது அவற்றுள் ஒன்று, மறுப்பது இன்னொன்று. அங்கே மதம் என்பது கொள்கை என்றே பொருள்படும். மறுத்தலும் ஒரு மதமே என்பது இலக்கணம் கற்ற மாணவர் அனைவரும் அறிந்தது.

‘சமயம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் பலரைக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களுள் சைவவாதி உண்டு, வைணவவாதி உண்டு, ஆசீவகனும் சாங்கியனும் உண்டு. இறுதியில் பூதவாதியும் வருகிறான். பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேரும்போது மதுவில் களிப்புத் தோன்றுவதுபோல, பூதங்களின் சேர்க்கையில் உணர்வு தோன்றுகிறது என்பது அவன் வாதம். மறுபிறப்பும் மறுமையும் அவனுக்கு இல்லை. மணிமேகலை அவன் சொல்லைக் கேட்டு நகைக்கிறாள். தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி எவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகிறாள். ஆயினும் சாத்தனார் அவனைச் சமயக்கணக்கர் வரிசையிலிருந்து நீக்கிவிடவில்லை.

சமண நூலாகிய நீலகேசியும் பூதவாதத்துக்கு ஒரு சருக்கம் ஒதுக்கி வாதிடுகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதத்தை முதலில் வைத்து மறுக்கிறார். சைவ சித்தாந்தம் வகுத்த புறப்புறச் சமயம் ஆறனுள்ளும் உலகாயதம் ஒன்று. மிகத் தொலைவில் நிற்கும் சமயம் என்றுதான் அதனைச் சொன்னார்களே ஒழிய, சமயமே அன்று எனத் தள்ளவில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. வடமொழி அறநூல்களில் ‘நாத்திகன்’ என்பவன் வேதத்தைப் பழிப்பவன். படைத்த கடவுள் ஒருவன் உண்டு என்பதை ஏற்காத மீமாஞ்சகர், வேதத்தை ஏற்றமையால் ஆத்திகராகவே எண்ணப்பட்டனர். சமணரும் பௌத்தரும் துறவு, நோன்பு, வழிபாடு ஆகியவை உடையவராயினும் வேதத்தை ஏற்காமையால் நாத்திகர் எனப்பட்டனர். ஆகவே நாத்திகன் யார் என்பதே காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது.

பழைய பொருளில் நோக்கினால் விடை எளிது. மதம் என்பது கொள்கையாயின் நாத்திகமும் ஒரு மதமே. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சி மக்கள்தொகைக் கணக்கெடுக்கத் தொடங்கியபின், வாதத்தில் ஒருவன் கொண்ட நிலை என்னும் பொருள் மங்கியது. பிறந்த குடும்பத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு பதிவாக மதம் ஆயிற்று. இன்று நாம் கேட்கும் வினா இப்புதிய பொருளைப் பற்றியதே.

பழங்குடியினரும் படைப்புக் கடவுளும்

கடவுள் நம்பிக்கை இருந்தால் மதம், இல்லாவிட்டால் மதமில்லை என்று வரையறுத்தால் என்ன? பலருக்கு இது நேரிய வழியாகத் தோன்றும். அந்தமான் பழங்குடியினர் பற்றி எழுந்த வழக்கு இவ்வளவுகோலின் குறையைக் காட்டுகிறது.

அத்தீவுகளில் ஆங்கில அதிகாரியாகப் பல்லாண்டு பணியாற்றிய ஈ. எச். மேன், 1880-களில் அந்தமானியர் பற்றி விரிவாக எழுதினார். அவர்களுக்குப் புலுகா என்னும் பெருங்கடவுள் உண்டு என்றும், பிறப்பும் இறப்பும் அற்று அனைத்தையும் படைத்தவன் அவன் என்றும் அவர் கூறினார். பின்னர் ராட்கிளிஃப் பிரவுன் என்னும் மானிடவியலார் 1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்தார். 1922-இல் நூல் வெளியிட்டார். அவர் கண்டது வேறு. புலுகா, பிலிக்கு என்னும் பெயர்கள் வடகிழக்குப் பருவக்காற்றோடும் புயலோடும் இயைந்தவை. தென்மேற்குக் காற்றுக்குத் தாராய் என்பது பெயர். சில இடங்களில் பிலிக்கு பெண்ணாகவும் எண்ணப்படுவாள் என்றார். கிறித்தவக் கடவுளைப்போல ஒரு முழுமுதற் கடவுளை மேன் அங்கே கண்டுவிட்டார் என்பது அவர் கருத்து. ஆண்ட்ரூ லாங்கும் வில்லெம் ஷ்மிட் பாதிரியாரும் மேனின் பக்கம் நின்றனர். மாந்தரின் தொடக்க நம்பிக்கையே ஒரு கடவுள் நம்பிக்கைதான் என்று நிறுவ அவர்களுக்குப் புலுகா வேண்டியிருந்தான்.

இவ்வழக்கில் வென்றவர் யார் என்பது நமக்கு இன்றியமையாதது அன்று. இரு சாராரும் ஒப்புக்கொண்ட செய்தி ஒன்று உண்டு. தேன்மெழுகை உருக்கினாலும், சில்வண்டு ஒலிக்கும் வேளையில் இரைச்சல் செய்தாலும் புயல் வரும் என அம்மக்கள் அஞ்சினர். இறந்தோர்க்குச் சடங்கு செய்தனர். இளையோர்க்கு நோன்பு விதித்தனர். கதைகளைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். புலுகா கடவுளாயினும் காற்றாயினும் இவ்வாழ்க்கை முறை மாறப் போவதில்லை. எனவே ஒரு மதத்தை மதமாக்குவது கடவுள் மட்டும் அன்று. சடங்கு, விலக்கு, கூட்டுவாழ்வு, வழிவழி மரபு ஆகியவையும் சேர்ந்ததே மதம்.

நம் உச்சநீதிமன்றமும் இக்கருத்துக்கு அணித்தாகவே வந்துள்ளது. சென்னை மாகாணத்து அறநிலையத் துறைக்கும் சிரூர் மடத்துக்கும் இடையே எழுந்த வழக்கில் 1954-இல் அது தீர்ப்பளித்தது. மதம் என்பதற்குக் கடவுள் நம்பிக்கை கட்டாயம் அன்று எனவும், பௌத்தமும் சமணமும் அதற்குச் சான்று எனவும் நீதிபதிகள் கூறினர்.

அவ்வாறாயின் கடவுள் இல்லாத நாத்திகமும் மதமாகலாமே என்னும் ஐயம் எழும். அதனை ஆராயச் செல்லுலர் சிறைக்குள் செல்வோம்.

ஒரே சிறையில் பல மனம்

1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடிக்கப்பெற்ற சிறை அது. 2024 வரை போர்ட் பிளேயர் எனப்பட்டு, இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள நகரில் கடலோரமாக நிற்கிறது. அங்கே அடைபட்டோருள் பல வகையினரைக் காண்கிறோம்.

முதல் வகைக்குப் பஞ்சாபின் ராம் ரக்கா சான்று. சிறை விதிப்படி அவருடைய பூணூலை அகற்றினர். அதனை எதிர்த்து உணவை மறுத்த அவர் சிறையிலேயே உயிர் நீத்தார். மதத்தின் ஓர் அடையாளத்துக்காக உயிரைக் கொடுத்தவர் அவர். சச்சீந்திரநாத் சன்யாலும் ஆழ்ந்த கடவுள் பற்றுடையவர். அந்தமானிலிருந்து 1920-இல் விடுதலையான அவர் ‘பந்தி ஜீவன்’ என்னும் சிறைவாழ்க்கை நூலை எழுதினார்.

இரண்டாம் வகைக்கு வி. தா. சாவர்க்கரைக் கூறலாம். 1911 முதல் 1921 வரை அவர் அங்கே இருந்தார். கைதிகள் இசுலாத்துக்கு மாற்றப்படுவதை எதிர்த்துச் சிறைக்குள்ளே அவர் இயக்கம் நடத்தியதை அவருடைய நினைவு நூலே கூறுகிறது. ஆனால் அவர் சடங்குகளை மதிக்காதவர். பசுவைத் தெய்வமாக வணங்குவதை எள்ளியவர். கடவுள் நம்பிக்கையற்றவர் என்றே வரலாற்றாசிரியர் பலர் அவரைக் குறிப்பர். 1966-இல் இறந்தபோது தமக்குச் சமயச் சடங்கு வேண்டா என்று சொல்லி வைத்திருந்தார். 1923-இல் வெளிவந்த தம் நூலில், இந்நிலத்தைத் தந்தை நாடாகவும் புனித நாடாகவும் கொண்டவர் எவரும் இந்து என்று வரையறுத்தார். நாத்திகரும் அதில் அடங்குவர் என்றார். அவரிடம் கடவுள் இல்லை. ஆயினும் இந்து என்னும் அடையாளம் உண்டு. நாத்திகம் ஒரு தனி மதமாயின் ஒருவர் ஒரே வேளையில் நாத்திகராகவும் இந்துவாகவும் இருத்தல் இயலாது. சாவர்க்கரின் அரசியலை ஏற்பாரும் மறுப்பாரும் இதனை மறுத்தல் அரிது.

மூன்றாம் வகையினர் 1930-களில் வந்தனர். பகத்சிங்கோடு 1929 ஏப்ரல் 8 அன்று மத்தியச் சட்டசபையில் குண்டு வீசிய பதுகேஷ்வர் தத் அவர்களுள் ஒருவர். பகத்சிங் அந்தமானுக்கு வரவில்லை. லாகூர்ச் சிறையில் 1930-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. சன்யாலின் கடவுள் பற்றையும் அதில் அவர் குறிப்பிடுகிறார். தம் மறுப்புக்குக் காரணம் செருக்கு அன்று என்று விளக்குகிறார். நம்பிக்கை துன்பத்தின் கூர்மையைக் குறைக்கும். அது இன்றித் தன் காலிலே நிற்பது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். அக்கட்டுரையை ப. ஜீவானந்தம் ‘நான் நாத்திகன் ஏன்?’ என்று 1930-களில் தமிழாக்கினார். அதற்காக அவர் சிறை செல்ல நேர்ந்தது.

செல்லுலர் சிறையில் 1935-இல் ‘கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன்’ என்னும் அமைப்பு தோன்றியது. வங்கப் புரட்சியாளர் பலர் முன்னர்க் காளியின் திருமுன் கீதையைத் தொட்டு உறுதிமொழி எடுத்தவர்கள். அவர்களே இங்கே மார்க்சியம் பயின்றனர், வகுப்பு நடத்தினர், ஒழுங்கு அமைத்தனர். நூலும் விளக்கும் நல்ல உணவும் வேண்டி 1933-இல் நடந்த உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நமதாஸ் ஆகிய மூவர் மாண்டனர். இன்று சிறைக்கு எதிரேயுள்ள பூங்காவில் இம்மூவர் சிலையும் ராம் ரக்காவின் சிலையும் அருகருகே நிற்கின்றன.

ஒப்புமையும் வேற்றுமையும்

இங்கேதான் ‘நாத்திகமும் மதந்தான்’ என்பாரின் வலிமையான வாதம் எழுகிறது. நூல் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, உயிர்த்தியாகமும் இருக்கிறது. பின் வேறென்ன வேண்டும் என்று கேட்பர்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்குதல் கூடாது. 1793-இல் பிரெஞ்சுப் புரட்சியாளர் பகுத்தறிவுக்குத் திருவிழா எடுத்தனர். ஒகஸ்ட் கோம்ட் என்னும் அறிஞர் மானிட மதம் என்றே ஒன்றை வகுத்து, அடியார்களுக்குப் பதிலாகப் பேரறிஞர்களின் பெயரால் நாள்காட்டி அமைத்தார். அல்பேனிய அரசு 1967-இல் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் மூடித் தன்னை நாத்திக நாடு என அறிவித்தது. மதவெறிக்குரிய குற்றம் மதத்துக்கு மட்டும் உரியது அன்று என்பதை இது காட்டும்.

ஆனால் ஒப்புமை வேறு, ஒருமை வேறு. மேற்சொன்ன சிறைக்கூட்டத்தில் நூலும் ஒழுங்கும் தந்தது எது? மார்க்சியம். கடவுள் இல்லை என்னும் ஒரு கருத்து மட்டும் அவற்றைத் தந்திருக்க முடியாது. சாவர்க்கரும் கடவுளை ஏற்காதவர்; பதுகேஷ்வர் தத்தின் தோழர்களும் ஏற்காதவர்கள். இவ்விரு சாராருக்கும் பொதுவான சடங்கு யாது? பொதுவான நூல் யாது? ஒன்றும் இல்லை. நாடு, குலம், வறுமை, விடுதலை ஆகிய எதனைப் பற்றியும் இவர்கள் ஒத்த கருத்தினர் அல்லர். ஒரே மறுப்பு இருவேறு வாழ்வுக்குள் குடியிருந்தது.

ஓர் உவமை கூறலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பல்கள் செல்கின்றன. ஒவ்வொரு கப்பலுக்கும் பெயர் உண்டு, பயணிகள் உண்டு. கரையில் நின்றவர்களை ‘கரை’ என்னும் கப்பலின் பயணிகள் என்று யாரும் கணக்கெழுதுவதில்லை. கரையில் நின்றோர் சங்கம் அமைக்கலாம், கொடி பிடிக்கலாம், சிலர் தம்முள் சண்டையும் இடலாம். அதனால் கரை கப்பலாகிவிடாது. நாத்திகம் கரையைப் போன்றது. மார்க்சியம், மானிட மதம், பகுத்தறிவு இயக்கம் ஆகியவை கரையில் எழுந்த வெவ்வேறு வீடுகள்.

சட்டத்தின் கண்ணில்

இனி வாழ்வைத் தொடும் பகுதிக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு உரியது. மேலும் மதத்தால் முசுலிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத பிறரும் பொதுவாக அதற்குள் அடங்குவர். ஆகவே இந்துக் குடும்பத்தில் பிறந்த நாத்திகர், தாம் எவ்வளவு மறுத்தாலும், சட்டத்தின் கண்ணில் இந்துச் சட்டத்துக்கு உட்பட்டவரே. சாவர்க்கருக்கு இது மகிழ்ச்சி அளித்திருக்கும். பெரியாருக்கு அளித்திராது.

1872-ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் இதற்கு நேர்மாறான வேடிக்கை செய்தது. அச்சட்டத்தின்படி மணக்க விரும்புவோர், தாம் இந்துவோ முசுலிமோ கிறித்தவரோ வேறு குறிப்பிட்ட மதத்தினரோ அல்லர் என்று உறுதி கூற வேண்டும். ஒரே கடவுளை உருக்கமாக வழிபட்ட பிரம்ம சமாஜத்தார் அவ்வாறு மதமற்றவராகக் கையெழுத்திட நேர்ந்தது. கடவுளை வணங்குவோர் மதமற்றவர், வணங்காதோர் இந்து! சட்டம் ஒட்டும் சீட்டுக்கும் உள்ளத்து நம்பிக்கைக்கும் உள்ள தொலைவை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இத்தொலைவினால் துன்புற்றோர் உண்டு. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டோரின் மணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் தீர்ப்பளித்தது. சடங்கு இல்லை என்பதே காரணம். மனைவியின் உரிமையும் மக்களின் வாரிசுரிமையும் அதனால் கேள்விக்குள்ளாயின. பேரறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த திருத்தமே அக்குறையைத் தீர்த்தது. ஆயினும் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும். அத்திருத்தமும் ‘இரு இந்துக்கள்’ செய்யும் திருமணம் என்றே பேசுகிறது. அது தமிழ்நாட்டுக்கு உரிய திருத்தமுமாகும். அந்தமானில் வாழும் தமிழர் சடங்கின்றி மணம் செய்ய விரும்பின், அவர்களுக்கு நேரான வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே.

மக்கள்தொகைக் கணக்கிலும் இக்குழப்பம் தொடர்கிறது. 2011-ஆம் ஆண்டுப் படிவத்தில் ஆறு மதங்களுக்கு எண் இருந்தது. மற்றவர்கள் தம் மதத்தின் பெயரை எழுத வேண்டும். நாத்திகர் என்று எழுதியோர் இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 33,000 பேரே. பெரியார் பிறந்த தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1,300 பேர்! இவர்களும் ‘பிற சமயங்கள்’ என்னும் பட்டியலுக்குள்ளேதான் வைக்கப்பட்டனர். மதம் இல்லை என்றவர்கள் கணக்கில் ஒரு மதத்தாராயினர்.

அமெரிக்காவில் ஒரு சிறைக்கைதி நாத்திகர்க்கு ஒரு படிப்புக் குழு அமைக்க விரும்பினார், சிறை மறுத்தது. 2005-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசியலமைப்புத் தரும் பாதுகாப்புக்காக நாத்திகத்தையும் மதமாகக் கொள்ள வேண்டும் என்றது. செல்லுலர் சிறையில் வகுப்பு நடத்தியோரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அத்தீர்ப்பு நாத்திகத்தின் இயல்பைப் பற்றியது அன்று. அதற்குரிய உரிமையைப் பற்றியது. உரிமை பெற மதம் என்னும் வாயில் ஒன்றே திறந்திருந்தமையால் நாத்திகரும் அதன் வழியே நுழைந்தனர்.

நம் அரசியலமைப்பில் வேறு வாயிலும் உண்டு. 25-ஆம் பிரிவு மதச் சுதந்திரத்துக்கு முன்னரே மனச்சான்றின் சுதந்திரத்தைக் கூறுகிறது. எந்த மதத்தையும் சாராதவர் என்று கூறிக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு எனவும், மதத்தைக் கூறுமாறு அரசு வற்புறுத்தலாகாது எனவும் 2014-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது இப்பிரிவைக் கொண்டே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் நான் கொள்ளும் முடிவு இது. நன்னூலும் மணிமேகலையும் கருதிய பொருளில், வாதத்தில் நிற்கும் ஒரு கொள்கையாக, நாத்திகம் ஒரு மதமே. சடங்கும் விலக்கும் மரபும் கூடிய வாழ்க்கை முறை என்னும் இன்றைய பொருளில் அது மதமன்று. மதத்துக்கு உள்ள பாதுகாப்பு அதற்கு வேண்டும். மதம் என்னும் பெயர் அதற்கு வேண்டுவதில்லை.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு கோரிக்கையும் பிறக்கிறது. கணக்கெடுப்பிலும் கல்லூரிப் படிவத்திலும் ‘மதமில்லை’ என்பதற்குத் தனி இடம் வேண்டும். ‘பிற சமயம்’ என்பதிலும் ‘கூறவில்லை’ என்பதிலும் அதனைக் கலத்தல் கூடாது. கூறாமல் விடுவது வேறு. இல்லை என்று கூறுவது வேறு. இக்கோரிக்கையை நம்பிக்கையுடைய நண்பர்களும் ஏற்கலாம். தம் நம்பிக்கையின் பெயரைப் பிறர் எழுதுவதை அவர்களும் விரும்பமாட்டார்கள். பூணூலுக்காக மாண்ட ராம் ரக்காவும், நூலுக்காகவும் விளக்குக்காகவும் மாண்ட மகாவீர் சிங்கும் ஒரே பூங்காவில் நிற்பதற்கு இடமிருக்கிறது. ஒரே படிவத்தில் இரு சாராருக்கும் இடம் அளிப்பது அத்துணை அரிய செயல் அன்று.